இரண்டு விளக்குகளும் ஒரு மேல்மாடமும்

தலங்களுக்குப் புராணம் பாடும் மரபு நமக்குப் புதிதன்று. ஓர் ஊரில் கோயில் இருந்தால் மட்டும் போதாது. அதற்கு ஒரு புராணமும் வேண்டும் என்று கருதிய காலம் ஒன்று இருந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815-1876) ஒருவரே இருபதுக்கும் மேற்பட்ட தலபுராணங்களைப் பாடியிருக்கிறார். நாட்டுச்சிறப்பு, நகரச்சிறப்பு, தீர்த்தச்சிறப்பு, வழிபட்டுப் பேறு பெற்றோர் வரலாறு என்று அவை விரியும். படித்து முடிக்கும்போது கண்ணெதிரே நிற்கும் கல்கட்டடம் மறைந்து, சொற்களால் எழுந்த வேறொரு கோயில் மனத்தில் நிலைபெற்றுவிடும். புராணத்தின் வெற்றி அதுவே.

முதுகலை வகுப்பொன்றில் இதனை நாம் விளக்கிக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசையில் அமர்ந்திருந்த மாணவி எழுந்து, “ஐயா, இந்தப் புராணத்துல கல்லு சுமந்தவங்க யாராச்சும் வர்றாங்களா?” என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். “புராணத்தின் நோக்கம் அதுவன்று” என்று ஏதோ இலக்கணம் கூறி அமர்த்தினோம். ஆனால் அந்த வினா அமரவில்லை. சில நாட்கள் கழித்து, கடல் கடந்த ஒரு தேவாலயத்தின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தபோது அது மீண்டும் எழுந்து நின்றது. அத்தேவாலயத்துக்கும் ஒரு தலபுராணம் உண்டு. கல் சுமந்தவர்கள் அதிலும் இல்லை.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், வடமுனைப் பகுதியின் சேலம் தெருவில் நிற்கும் கிறிஸ்து ஆலயமே நாம் குறிப்பிடுவது. ‘ஓல்டு நார்த் சர்ச்’ என்பது உலகம் அறிந்த பெயர். பாஸ்டனில் இன்று எஞ்சியிருக்கும் தேவாலயக் கட்டடங்களுள் இதுவே மிகப் பழையது. 1723ஆம் ஆண்டு ஏப்ரலில் அடிக்கல் நாட்டப்பெற்று, அவ்வாண்டு டிசம்பர் 29ஆம் நாள் முதல் வழிபாடு நடந்தது. செங்கல் சுவர்கள், வளைவுச் சாளரங்கள், மேலே மரத்தாலான வெண்ணிறக் கூர்கோபுரம். இலண்டனில் கிறிஸ்டோபர் ரென் வகுத்த பாணியின் குடியேற்ற நாட்டுப் பிரதி என்று கட்டடக்கலை அறிந்தோர் கூறுவர்.

இக்கட்டடத்தின் தொடக்கத்திலேயே ஒரு முரண் இருக்கிறது. பாஸ்டன் தூய்மைவாதிகளின் நகரம். ஆயர்களின் ஆட்சிக்கு உட்பட்ட ஆங்கிலத் திருச்சபையை வெறுத்து, கடல் கடந்து வந்தவர்கள் எழுப்பிய ஊர். அங்கே அந்த ஆங்கிலத் திருச்சபையே கோயில் கட்டிக்கொள்வதென்றால், விட்டு வந்த பகை வீட்டு வாசலுக்கு வந்ததற்குச் சமம். 1680களில் அரசச் சிற்றாலயம் என்ற பெயரில் ஒன்று எழுந்தது. அதன் கூட்டம் பெருகவே இரண்டாவதாக எழுந்தது நம் கிறிஸ்து ஆலயம். ஆயர் என்பதற்கான கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்ததே ‘எபிஸ்கோப்பல்’ என்னும் அடைமொழி. விடுதலைப் போருக்குப்பின், இங்கிலாந்து மன்னனைத் தலைவனாக ஏற்க முடியாத அமெரிக்க ஆங்கிலிக்கர்கள் தமக்கெனத் திருச்சபை அமைத்துக்கொண்டபோது அப்பெயரைச் சூடினர். இவ்வாலயம் இன்றும் அத்திருச்சபையினுடையதே.

இக்கோயிலின் முதல் குருவானவர் திமோத்தி கட்லர். இவருடைய கதை, நூல்களை நேசிக்கும் நம்மைப் போன்றோர் அறிய வேண்டிய ஒன்று. நம் சென்னைக்கும் அதில் ஓர் இழை உண்டு.

எலிஹு யேல் என்னும் பெயர் சென்னை வரலாறு படித்தவர்களுக்குத் தெரிந்ததே. 1649இல் பாஸ்டனில் பிறந்து, சிறுவயதிலேயே இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டு, கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராக 1672இல் சென்னைக்கு வந்தவர். புனித ஜார்ஜ் கோட்டையின் தூய மரியன்னை ஆலயம் 1680 அக்டோபரில் அர்ப்பணிக்கப்பட்டது. அடுத்த வாரமே, நவம்பர் 4ஆம் நாள், அங்கே நடந்த முதல் திருமணம் யேலினுடையது. 1687 முதல் 1692 வரை சென்னையின் ஆளுநர். தம் பெயருக்குத் தனி வணிகம் செய்து பெரும்பொருள் ஈட்டினார் என்ற குற்றச்சாட்டுகளுக்கிடையே பதவி இழந்தார். சென்னையில் மனிதர்களை அடிமைகளாக வாங்கிக் கப்பலேற்றும் வணிகம் 1680களில் நடந்தது. கம்பெனியின் ஆலோசனைக் குழுவில் யேல் இருந்த காலம் அது. அவ்வாறு திரண்ட செல்வத்தோடு 1699இல் இங்கிலாந்து திரும்பினார்.

அச்செல்வத்தின் ஒரு துளி 1718இல் அமெரிக்காவை அடைந்தது. கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவனில் தள்ளாடிக்கொண்டிருந்த சிறு கல்விச்சாலைக்கு யேல் 417 நூல்களையும், மன்னன் முதலாம் ஜார்ஜின் ஓவியத்தையும், பொதிபொதியாகத் துணிகளையும் அனுப்பினார். சரக்கு விற்று வந்தது ஏறத்தாழ 562 பவுண்டு. நன்றி பாராட்டிய கல்விச்சாலை அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது. இன்றைய யேல் பல்கலைக்கழகத்தின் பெயர்க்காரணம் இதுதான்.

அக்கல்லூரிக்கு 1719இல் தலைவரானவர் திமோத்தி கட்லர். தூய்மைவாதப் போதகர்களை உருவாக்குவதே கல்லூரியின் பணி. ஆனால் 1714இல் ஜெரமையா டம்மர் என்பவர் இங்கிலாந்தில் திரட்டி அனுப்பிய எண்ணூறுக்கும் மேற்பட்ட நூல்கள் அதன் நூலகத்தில் இருந்தன. யேலும் அத்தொகுப்புக்கு நூல்கள் ஈந்தவர். அவற்றுள் ஆங்கிலத் திருச்சபையின் இறையியல் நூல்களும் இருந்தன. கட்லரும் நண்பர் சிலரும் அவற்றைப் படித்தனர், விவாதித்தனர். ஆயர் கைவைத்து அளிக்காத குருத்துவம் செல்லுமா என்ற ஐயம் அவர்களுக்குள் முளைத்தது. 1722 செப்டம்பரில் அவ்வையத்தை வெளிப்படையாக அறிவித்தார்கள். கல்லூரி அதிர்ந்தது. கட்லர் பதவியிழந்தார். அமெரிக்காவில் ஆயர் எவரும் இல்லாததால் இங்கிலாந்துக்குக் கப்பலேறிக் குருத்துவம் பெற்றுத் திரும்பினார். அவருக்காகக் காத்திருந்ததுதான் பாஸ்டனின் புதிய கிறிஸ்து ஆலயம். 1765இல் இறக்கும்வரை அங்கே அவரே குரு.

படித்த நூல் ஒருவரை எங்கே கொண்டு நிறுத்தும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா? பதவி போகும் என்று தெரிந்தும் படித்ததைப் படித்தபடி ஒப்புக்கொண்ட கட்லரின் நேர்மையை நாம் மதிக்கிறோம். அதேவேளை, அவர் தலைமை வகித்த கல்லூரி சென்னையில் திரண்ட பொருளால் தழைத்தது என்பதையும் அருகிலேயே எழுதி வைக்க வேண்டியிருக்கிறது. ஒன்று மற்றொன்றை அழித்துவிடாது. இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நாம் சொல்ல முனைவது.

இனிப் புராணத்துக்கு வருவோம். 1775 ஏப்ரல் 18ஆம் நாள் இரவு. பாஸ்டனில் தங்கியிருந்த பிரித்தானியப் படை, கான்கார்டு என்னும் ஊரில் குடியேறிகள் பதுக்கியிருந்த படைக்கலங்களைக் கைப்பற்றப் புறப்படுகிறது. படை தரைவழி செல்கிறதா, ஆற்றைக் கடந்து செல்கிறதா என்று எதிர்க்கரையான சார்ல்ஸ்டவுனுக்குத் தெரிவிக்க வேண்டும். நகரில் உயர்ந்த கோபுரம் இவ்வாலயத்தினுடையது. தரைவழி என்றால் ஒரு விளக்கு, ஆற்றுவழி என்றால் இரண்டு என்பது ஏற்பாடு. ஆலயத்தின் கோயில்பிள்ளையான இராபர்ட் நியூமன், ஆலய நிர்வாகக் குழுவைச் சேர்ந்த ஜான் புல்லிங்கின் துணையோடு இருளில் கோபுரமேறி இரண்டு விளக்குகளைக் காட்டினார். சில கணங்களே அவை ஒளிர்ந்தன. மறுநாள் லெக்சிங்டனில் துப்பாக்கிகள் வெடித்தன; விடுதலைப் போர் தொடங்கிற்று.

கவிஞர் ஹென்றி வாட்ஸ்வொர்த் லாங்ஃபெல்லோ 1860 ஏப்ரலில் இக்கோபுரத்தின் மீதேறிப் பார்த்தார். அவர் எழுதிய ‘பால் ரெவியரின் சவாரி’ என்னும் கவிதை 1861 ஜனவரி ‘அட்லாண்டிக்’ இதழில் வெளிவந்தது. அமெரிக்கப் பள்ளிக் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்த கவிதை அது. தட்டாரான பால் ரெவியரைத் தேசிய நாயகராக்கியதும், சேலம் தெருவின் செங்கல் கட்டடத்தை யாத்திரைத் தலமாக்கியதும் அக்கவிதையே. நம் வழக்கில் சொன்னால், ஓல்டு நார்த்தின் தலபுராணம்.

புராணத்தில் வரலாறு சற்று இடம் மாறி அமர்ந்திருக்கிறது. கவிதையில் ரெவியர் எதிர்க்கரையில் குதிரையோடு காத்திருந்து விளக்கைக் காண்கிறார். நடந்ததோ வேறு: விளக்கு ஏற்றச் சொல்லிவிட்டுப் போனவரே ரெவியர்தான்; அது எதிர்க்கரையில் இருந்தவர்களுக்கான செய்தி. அவருடன் அவ்விரவு சவாரி செய்த வில்லியம் டாவ்ஸும் சாமுவேல் பிரெஸ்காட்டும் கவிதையில் இல்லை. ரெவியர் கான்கார்டை அடையவே இல்லை, வழியில் பிடிபட்டார். உயிரைப் பணயம் வைத்துக் கோபுரமேறிய கோயில்பிள்ளைக்குக் கவிதையில் பெயரில்லை. நாயகனின் தோழன் என்ற அளவோடு அவர் நின்றுவிடுகிறார். உண்மையில் சிறைப்பட்டு விசாரிக்கப்பட்டவர் அவர். விளக்கேற்றப்பட்ட கோயிலின் குருவானவரோ மன்னரின் பக்கம். மேதர் பைல்ஸ் என்னும் அவர் அந்த ஏப்ரல் 18ஆம் நாளே பதவியை விட்டு விலகினார். அதன்பின் சில ஆண்டுகள் ஆலயம் பூட்டிக் கிடந்தது. விடுதலையின் விளக்கு ஏற்றப்பட்ட கோயிலில் மன்னருக்காக மன்றாடியவர்களும் இருந்தார்கள் என்பது புராணத்துக்கு ஒவ்வாத செய்தி.

இப்பிழைகளுக்காகக் கவிஞரைக் குற்றம் சொல்ல நாம் முற்படவில்லை. கவிதைக்கு ஒரு நாயகன் போதும். மூன்று பேர் குதிரையேறினால் சந்தம் தடுமாறும். தமிழ் படித்த நமக்கு இது தெரியாததன்று. மேலும், லாங்ஃபெல்லோ எழுதிய காலத்தை நினைக்க வேண்டும். 1842இலேயே அடிமைமுறைக்கு எதிராகத் தனிக் கவிதைநூல் வெளியிட்டவர் அவர். அடிமை ஒழிப்பு இயக்கத்தின் முன்னணித் தலைவரான சார்ல்ஸ் சம்னர் அவருடைய உற்ற நண்பர். 1860 டிசம்பர் 20ஆம் நாள் தென் கரோலினா மாநிலம் அடிமைமுறையைக் காத்துக்கொள்ள ஒன்றியத்திலிருந்து பிரிந்தது. அந்த வாரங்களில் வாசகர் கைக்கு வந்த கவிதை, பழைய விடுதலையை நினைவூட்டிப் புதிய விடுதலைக்கு நாட்டை எழுப்பும் குரலாகவும் இருந்தது என்று ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். அவ்வாதம் எமக்கு உடன்பாடே.

அப்படியானால் இன்னொரு வினா எழுகிறது. விடுதலைக் கவிதைக்குக் களமான அந்தக் கோயிலுக்குள், 1775இல், யார் எங்கே அமர்ந்திருந்தார்கள்?

கட்டடம் இதற்குத் தெளிவாக விடை சொல்கிறது. தரைத்தளம் முழுவதும் பெட்டி போன்ற இருக்கைகள். நாற்புறமும் மார்பளவு மரத்தடுப்பு, கதவு. பாஸ்டனின் பனிக்காலத்தில், கால்மாட்டில் வைத்த கனற்பெட்டியின் வெப்பம் வெளியேறாமல் இருக்க இந்த ஏற்பாடு. பெட்டிகள் விலைக்கு விற்கப்பட்டன. நல்ல இடம், நல்ல விலை. கப்பல் தலைவர்களும் வணிகர்களும் தரைத்தளத்தில். மேலே சுற்றியோடும் மாடத்தில், வாங்க இயலாத எளியவர்கள். அவர்களோடு கறுப்பினத்தவர், விடுதலை பெற்றவரும் அடிமைப்பட்டவரும். மாசச்சூசெட்ஸில் 1641 முதலே அடிமைமுறைக்குச் சட்ட ஏற்பு இருந்தது. 1783இல் நீதிமன்றத் தீர்ப்புகள் அதன் வேரை அறுக்கும்வரை நீடித்தது. ஆக, விடுதலைக்கு விளக்கேற்றப்பட்ட இரவில் அக்கோபுரத்தின் கீழே, ஞாயிறுதோறும் அடிமைகள் ஏறிய மாடப்படிகளும் இருந்தன.

இந்தக் கோபுரமே எதனால் எழுந்தது? 1727இல் ஹோண்டுராஸ் வளைகுடாவில் வணிகம் செய்த சிலர் ஆலயத்துக்கு ‘லாக்வுட்’ என்னும் சாயமரக் கட்டைகளை நன்கொடையாக அளித்தார்கள். துணிக்குக் கருமையும் ஊதாவும் ஏற்றப் பயன்பட்ட, நல்ல விலை போன மரம் அது. விற்ற பணம் கூர்கோபுர நிதிக்குச் சென்றது; கைம்மாறாக அவ்வணிகர்களுக்கென ஓர் இருக்கைப் பெட்டி ஒதுக்கப்பட்டது. கோபுரம் 1740இல் நிறைவுற்றது. இன்றைய பெலீஸ் நாட்டின் சதுப்புக் காடுகளில் அம்மரத்தை வெட்டியது அடிமைகளின் உழைப்பு. விளக்கு ஏறிய உயரத்தின் ஒரு பகுதி அவர்களுடைய முதுகின்மேல் நிற்கிறது.

ஆலயத்துக்குச் சொந்தமான தேவதைகளின் கதையும் உண்டு. இசைக்கருவியின் இருமருங்கும் மேல்மாடத்தில் நான்கு மரச்சிற்பத் தேவதைகள் நிற்கின்றன. தாமஸ் குருச்சி என்னும் கப்பல் தலைவர், பகைநாட்டுக் கப்பல்களைக் கொள்ளையிட அரச அனுமதி பெற்றவர், ஒரு பிரெஞ்சுக் கப்பலிலிருந்து பறித்து 1746இல் ஆலயத்துக்கு வழங்கியவை. கியூபெக்கின் கத்தோலிக்கக் கோயிலொன்றுக்குப் போய்க்கொண்டிருந்தவை வழிமாறிப் பாஸ்டனில் இறங்கின. கொள்ளைப்பொருள் தேவதையாகவே இருந்தாலும் கொள்ளைப்பொருளே அல்லவா?

நியூவார்க் ஜாக்சன் என்னும் மற்றொரு கப்பல் தலைவரும் இவ்வாலயத்தில் இருக்கை வாங்கியவர். 1743இல் கப்பலில் எழுந்த கலகத்தில் கொல்லப்பட்டவர். அண்மைக் காலத்தில் ஆலய வளாகத்தில் அவர் பெயரால் ஒரு சாக்லேட் கடை நடந்தது. பழைய முறையில் கொக்கோவை அரைத்துக் காட்டுவார்கள். பின்னர் வரலாற்றாசிரியர் ஜாரெட் ஹார்டெஸ்டி ஆவணங்களைத் துருவியபோது, அவருடைய கப்பல் கொக்கோவை மட்டும் கடத்தவில்லை, மனிதர்களையும் விற்றது என்று தெரியவந்தது. அந்த ஆய்வு 2021இல் நூலாயிற்று. உண்மை வெளிப்பட்டதும் ஆலயத்தின் வரலாற்றுப் பணியை நடத்துவோர் அப்பெயரைக் கைவிட்டார்கள். தம் கையாலேயே எழுதிய பெயர்ப்பலகையைத் தாமே கழற்றுவது எளிதன்று. அச்செயலை நாம் பாராட்டுகிறோம்.

இங்கேதான் கருத்து வேறுபாடு தொடங்குகிறது. ‘விடுதலையின் திருத்தலத்தில் அடிமைக் கதை எதற்கு? முன்னோரை இன்றைய அளவுகோலால் அளக்கலாமா?’ என்று ஒரு சாரார் கேட்கிறார்கள். ‘இவ்வளவு கறை படிந்த இடத்தைக் கொண்டாடுவதே பிழை’ என்கிறார்கள் மற்றொரு சாரார். இருவரையும் நாம் முழுதாக ஏற்க இயலவில்லை.

முதல் சாராருக்கு நம் விடை: அளவுகோல் இன்றையதன்று. ஆலயம் எழுவதற்கு இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1700இல், அதே பாஸ்டனில், நீதிபதி சாமுவேல் சூவல் மனிதரை விற்பது பாவம் என்று சிறுநூல் எழுதி அச்சிட்டிருந்தார். விவிலியத்தில் சகோதரர்களால் விற்கப்பட்ட யோசேப்பின் கதையே அவருடைய சான்று. எனவே, அக்காலத்தில் எவருக்கும் தெரியாது என்ற வாதம் செல்லாது. தெரிந்தவர்கள் இருந்தார்கள், கேட்காதவர்களும் இருந்தார்கள். அதற்கும் மேலாக, மாடத்தில் அமர்த்தப்பட்டவர்களுக்குத் தம் நிலை தெரியாமலா இருந்திருக்கும்? ‘அக்காலத்து அளவுகோல்’ என்று நாம் சொல்லும்போது, தரைத்தளத்தில் அமர்ந்தவர்களின் அளவுகோலை மட்டுமே எண்ணிக்கொள்கிறோம். மாடமும் அக்காலத்தைச் சேர்ந்ததே.

இரண்டாம் சாராருக்கு நம் விடை: கறையை அறிவித்துக்கொண்டிருப்பதும் அதே கட்டடமே. மாடம் இடிக்கப்பட்டிருந்தால் யார் எங்கே அமர்ந்தார் என்பதை எதைக்கொண்டு காட்டுவோம்? நிலவறையில் 37 கல்லறை அறைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உறங்குகிறார்கள். பங்கர் ஹில் போரில் 1775 ஜூனில் வீழ்ந்த பிரித்தானியப் படைத்தலைவர் ஜான் பிட்கேர்னும் அங்கேதான் புதைக்கப்பட்டார். விடுதலை வீரர்களின் கோயில் தன் பகைவனையும் வெளியே தள்ளவில்லை. கட்டடங்களுக்கு நம்மைவிடப் பரந்த நெஞ்சு இருப்பதாக நமக்குச் சிலவேளை தோன்றுவதுண்டு.

கட்டடத்தை ‘இருந்தவாறே’ காப்பது என்பதும் நாம் எண்ணுவதுபோல் எளியதன்று. இதன் கூர்கோபுரம் 1804இல் புயலில் வீழ்ந்தது. மீண்டும் கட்டியது 1954இல் ‘கரோல்’ சூறாவளியில் வீழ்ந்தது. இன்று நாம் காண்பது 1955இல் எழுந்த மூன்றாவது. விளக்கேற்றிய கோபுரம் அன்று, அதன் நினைவு. உட்புறத்திலும் ஒரு செய்தி உண்டு. ஏறத்தாழ 1730இல் ஜான் கிப்ஸ் என்னும் ஓவியர் ஆலயத்தின் உட்சுவரில் சிறகு விரித்த தேவதைகளைத் தீட்டினார். 1912இல் ஆலயத்தைப் ‘பழைய தூய தோற்றத்துக்கு’ மீட்கிறோம் என்று முனைந்தவர்கள் அவற்றின் மேல் வெள்ளை வண்ணம் பூசி மறைத்தார்கள். குடியேற்றக் காலத்துக் கோயில் என்றால் வெள்ளையாகத்தான் இருந்திருக்கும் என்பது அவர்கள் கற்பனை. அண்மையில் வல்லுநர்கள் அவ்வண்ணத்தை மெல்லச் சுரண்டியபோது, அத்தேவதைகள் 2025இல் மீண்டும் முகம் காட்டின. நூற்றாண்டுக்கு மேலாக வந்தவர்கள் எல்லாம் பழமை என்று வணங்கியது 1912ஆம் ஆண்டுப் பூச்சை!

இச்செய்தியைப் படித்தபோது, ஏடு பதிப்பிக்கும் பணி நம் நினைவுக்கு வந்தது. செல்லரித்த ஏட்டில் பொருள் விளங்காத இடத்தைத் தம் விருப்பம்போல் நிரப்பி ‘திருத்தமான பாடம்’ என்று அச்சிடுவோர் உண்டு. விளங்காததையும் உள்ளவாறே பதித்து, பாட வேறுபாடுகளை அடியில் தருவோரும் உண்டு. பின்னவரே பதிப்பாசிரியர் என்று மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறோம். கட்டடத்துக்கும் இந்த இலக்கணம் பொருந்தும். லாங்ஃபெல்லோவின் கவிதை மூலப்பாடமாக மேலே இருக்கட்டும். கோயில்பிள்ளை நியூமனின் பெயரும், சாயமரக் கணக்கும், மாடத்து இருக்கைகளும், பறித்த தேவதைகளும், சென்னைச் செல்வத்தால் தழைத்த கல்லூரியிலிருந்து வந்த முதல் குருவின் கதையும் அடிக்குறிப்பாகக் கீழே இருக்கட்டும். அடிக்குறிப்பு கவிதையைக் கெடுப்பதில்லை. கவிதையை நம்பத்தக்கதாக்குகிறது.

யேல் பல்கலைக்கழகம் அடிமைமுறையோடு தனக்கிருந்த தொடர்புகளை ஆராயச் செய்து, 2024 பிப்ரவரியில் மன்னிப்புக் கோரியது. வரலாற்றாசிரியர் டேவிட் பிளைட் எழுதிய ஆய்வுநூலும் அப்போது வெளிவந்தது. ஆனால் பெயருக்குரியவர் ஆண்ட ஊரில், கோட்டைக்குள் அவர் மணம் புரிந்த ஆலயத்தைப் பார்க்கச் செல்வோரில் எத்தனை பேர் அவ்வூர்க் கடற்கரையிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்களை நினைக்கிறோம்? ‘அமெரிக்காவின் புகழ்பெற்ற பல்கலைக்கழகத்துக்கும் நம் சென்னைக்கும் தொடர்புண்டு’ என்று மாணவர்களிடம் பெருமையாகச் சொல்லி வந்தவர்களுள் நாமும் ஒருவர். அப்பெருமையின் அடியில் ஒரு குறிப்பு எழுத மறந்திருந்தோம்.

1975 ஏப்ரல் 18ஆம் நாள், இருநூறாம் ஆண்டு நிறைவில், குடியரசுத் தலைவர் ஜெரால்டு ஃபோர்டு இவ்வாலயத்துக்கு வந்து மூன்றாவது விளக்கொன்றை ஏற்றினார். அமெரிக்காவின் வருங்காலத்துக்கான விளக்கு என்றார்கள். நம்மைக் கேட்டால், அதனை ஏற்ற வேண்டிய இடம் கோபுரத்தில் இல்லை. மேல்மாடத்தில், யாரும் விலைக்கு வாங்காத அந்த இருக்கைகளின் ஓரத்தில் ஏற்ற வேண்டும். கோபுர விளக்கு எதிர்க்கரையில் இருப்பவர்களுக்குச் செய்தி சொல்லும். மாடத்து விளக்கு உள்ளே அமர்ந்திருப்பவர்களின் முகத்தைக் காட்டும்.

அம்மாணவியின் வினாவுக்கு இப்போது விடை சொல்லலாம். கல் சுமந்தவர்கள் புராணத்தில் வருவதில்லை, அம்மா. அவர்கள் கணக்கேட்டில் வருகிறார்கள். புராணம் படிக்கத் தெரிந்த நாம் கணக்கேடும் படிக்கப் பழக வேண்டும். அடுத்த முறை வகுப்பில் இதைச் சொல்லும்போது சிரிக்க மாட்டோம்.